நான் நர்ஸ் ஆனதற்கு அப்பா சொல்லும் காரணம்

கல்யாண வீடுகளில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை நான் எப்போதும் தவிர்த்துவிடுவேன். உட்கார்ந்தால் எதிர் வரிசையிலிருந்து யாராவது ஒருவர் கேட்டே தீருவார்: "புள்ள என்ன பண்ணுதுங்க?" நர்ஸ் என்று அப்பா சொல்வார். அத்தோடு விடமாட்டார். இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அவங்கம்மா ஆஸ்பத்திரியிலதானுங்க போச்சு. அதப் பாத்துட்டு, நாலு பேருக்கு ஒத்தாசையா இருக்கோணும்னு இந்தப் படிப்பப் படிச்சுது" என்பார். கேட்டவர் உச்சுக்கொட்டுவார். பக்கத்தில் இருப்பவர் என்னைத் திரும்பிப் பார்த்து, ஏதோ கோயில் கோபுரத்தைக் கண்டதுபோல் தலையை ஆட்டுவார். எனக்கு அதற்குமேல் சோறு இறங்காது.

நாலு பேருக்கு ஒத்தாசையாக இருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வேலையை ஒழுங்காகச் செய்வேன், அதில் குறை சொல்ல ஆள் கிடையாது. ஆனால் சேவை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அப்பா சொல்வதில் முதல் பாதிதான் உண்மை. அம்மா ஆஸ்பத்திரியில்தான் செத்தாள். எப்படிச் செத்தாள் என்பதை அவர் எந்தப் பந்தியிலும் சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.

எங்களுக்குப் பூர்வீகம் கொள்ளேகாலைத் தாண்டி, மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் தமிழ் பேசுகிற ஒரு ஊர். அப்பா மீசை முளைத்த வயதில் மைசூருக்கு வந்தவர். கொஞ்ச காலம் கட்டட வேலை பார்த்துவிட்டு, நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். விடிந்ததும் டிபன் டப்பாவோடு பஸ் பிடித்துப் போவார், பொழுது சாய்கிற நேரத்துக்கு வீடு திரும்புவார். அவருடைய கன்னடம் சுத்தமானது, தமிழ்க்காரர் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நான் மைசூரிலேயே பிறந்தவள், கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இந்தத் தமிழ் எழுத்தே நான் பிற்பாடு கற்றுக்கொண்டதுதான். அம்மா மட்டும் கல்யாணமாகி வந்தவள். அவளுக்குக் கன்னடம் புரியும், பேசவும் பேசுவாள். ஆனால் மூன்று வார்த்தை பேசுவதற்குள் கேட்கிறவர்கள், "தமிழா?" என்று கேட்டுவிடுவார்கள்.

அதற்காக அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டவள் இல்லை. வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவாள். கை பாட்டுக்குக் கறுப்பு மாவை மூங்கில் குச்சியில் உருட்டிக்கொண்டிருக்கும், வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள், ஒரு குழாய். அந்தக் குழாயடியில் அவள் வாயை ஜெயித்த ஆள் கிடையாது. சண்டை போட்ட கையோடு அதே ஆளிடம் போய்க் கறிவேப்பிலை வாங்கி வருவாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து தெருமுனை திரும்பும்போதே அவள் குரல் கேட்கும். சிநேகிதிகள் கூட இருந்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். இன்றைக்கு அந்தக் குரலுக்கு என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

நான் பியூசி இரண்டாம் வருஷம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்குப் பெரும்பாடு வந்தது. மாதத்தில் பாதி நாட்கள் ரத்தம் போகும். முகம் வெளுத்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மைசூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. அதன் பெயர் இப்போது எதற்கு? அதை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டி, அதிலும் இரண்டு பந்திகளில் நான் சாப்பிட்டாயிற்று. அங்கே பரிசோதித்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுத்தாக வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு வரிசை. அலையாய் அலைந்த பிறகு ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

அந்த நாள் வருவதற்குள் காவிரித் தண்ணீர் விவகாரத்தில் ஊர் கொதித்துவிட்டது. தமிழ்க்காரர்கள் கடைகளில் கல் விழுந்தது என்றார்கள். நஞ்சன்கூடு ரோட்டில் லாரியைக் கொளுத்திவிட்டார்கள் என்றார்கள். எதைக் கண்ணால் பார்த்தோம், எதைக் காதால் கேட்டோம் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் முற்றத்தில் யாரும் எங்களை ஒரு சொல் சொல்லவில்லை. எதிர்வீட்டுக் கன்னட அக்கா கதவைத் தட்டி, "ஏதாவது சத்தம் கேட்டால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனாலும் பயம் பயம்தான். அப்பா பஸ்ஸில் யாராவது தெரிந்தவர் தமிழில் கூப்பிட்டுவிடப்போகிறார்களே என்று தலையைக் குனிந்தபடி போய் வந்தார். வீட்டுக்குள் நாங்கள் ரகசியம் பேசுவதுபோல் பேசினோம். அம்மாவால் அதுவும் முடியவில்லை. அவள் ரகசியம் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது, ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள் அப்பா ஒரு யோசனையோடு வந்தார்.

"அங்க போயி நீ வாயே தொறக்கக்கூடாது. உன்ற கன்னடத்தக் கேட்டா ரெண்டே நிமிசத்துல தெரிஞ்சுரும்."

"ஏனுங்க, டாக்டரு எங்க வலிக்குதுன்னு கேட்டா என்ன சொல்றது?"

"தொட்டுக் காட்டு. நீ ஊமைன்னு சொல்லிர்றேன்."

அம்மா சிரித்துவிட்டாள். "என்னைய ஊமைன்னா நம்ம தெரு நாய்கூட நம்பாதுங்க."

அப்பா சிரிக்கவில்லை. "அறுத்துப் போட்ட வவுத்தோட படுத்திருக்கறப்ப எவனாச்சும் வம்பு பண்ணுனா, எந்திரிச்சு ஓடக்கூட முடியாது உன்னால. சொன்னாக் கேளு." அவர் சொன்ன விதத்தில் உண்மையான பயம் இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். அம்மாவும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் சரி என்றாள்.

பேச்சை அடக்கினால் மட்டும் போதாது என்று எதிர்வீட்டு அக்காவிடம், கன்னடப் பெண்கள் தாலியாகப் போடுகிற கருகமணிச் சங்கிலி இரவல் வாங்கினோம். எங்கள் ஜாதித் தாலியைப் பார்த்தவுடன் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று சொல்லிவிடலாம். அம்மா அதைக் கழற்றி, மஞ்சள் துணியில் முடிந்து, பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கருகமணியைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது" என்றாள். வீட்டில் அவள் தாராளமாகப் பேசிய கடைசிப் பேச்சு அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அப்பா தன் சுத்தமான கன்னடத்தில், "இவளு மூகி, சிஸ்டர்" என்றார். மூகி என்றால் ஊமை. சிஸ்டர் நிமிர்ந்து அம்மாவை ஒருமுறை பார்த்து, "பாவம்" என்றார். நல்ல உயரமான அம்மாள், நாற்பது வயதிருக்கும், நடக்கும்போது செருப்பு சத்தமே வராது. அந்த வார்டு முழுக்க அவர் ராஜ்யம். கடைசியில் கதவோரமாக ஒரு மேஜை, நாற்காலி. அங்கே உட்கார்ந்தபடியே இருபது முப்பது கட்டில்களையும் ஆட்டிவைப்பார். துணைக்கு இருந்த எங்களைப் போன்றவர்களைக் காலையிலேயே வெளியே துரத்திவிடுவார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ், புண்ணுக்குக் கட்டு மாற்றுவது எல்லாம் முடிந்து மதியம்தான் உள்ளே விடுவார்கள்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. வலிக்கு ஊசி போடும் நேரம் வந்தால் சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பார்க்கமாட்டார். தட்டை எடுத்துக்கொண்டு நடுவில் நின்று, "யாரிகாதரூ நோவு இதியா?" என்று சத்தமாகக் கேட்பார். யாருக்காவது வலி இருக்கிறதா என்று அர்த்தம். வலி உள்ளவர்கள் அங்கங்கே இருந்து குரல் கொடுப்பார்கள். குரல் வந்த கட்டிலுக்கு ஊசி போகும். ஏலம் விடுகிற மாதிரிதான். ஆனால் ஆள் குறைவான இடத்தில் வேறு எப்படிச் செய்வது என்று யாரும் கேட்டதில்லை. குரலே இல்லாத ஒருத்தி அங்கே படுத்திருந்தால் அவள் கதி என்ன என்று நாங்களும் யோசிக்கவில்லை. ஊமை என்று சொல்லி வைத்ததில் நாங்கள் சாமர்த்தியசாலிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களில் அம்மா இந்த வேஷத்தை ரசித்தாள் என்றே சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டிலில் நஞ்சன்கூட்டுக்கார அம்மாள் ஒருத்தி இருந்தாள். பதில் பேச முடியாத ஆள் கிடைத்ததில் அவளுக்கு ஏக சந்தோஷம். மருமகளைப் பற்றி, மாட்டைப் பற்றி, கோயில் தேரைப் பற்றி ஓயாமல் பேசினாள். அம்மா கண்ணை விரித்தும் தலையை ஆட்டியும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, "இவ மருமவ நல்லவ போலிருக்குது, இவதான் பேசிப் பேசியே கொல்றா" என்று என் காதில் சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மறுநாள் மதியம் நான் உள்ளே போனபோது அம்மா போர்வையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். என் கையைப் பிடித்து நெரித்தாள். நான் ஓடிப்போய் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் கோபப்படாமல்தான் பதில் சொன்னார். வயிற்றை அறுத்தால் வலிக்காமல் இருக்குமா, எல்லாருக்கும்தான் வலிக்கும், சாயங்காலம் ஊசி போடும்போது பார்க்கலாம் என்றார். சாயங்காலம் ஒரு ஊசி போட்டார்கள். அது போதவே இல்லை.

அதற்கடுத்த நாள் மதியம் அம்மாவின் வயிறு உப்பியிருந்தது. உடம்பு கொதித்தது. நெற்றியில் ஈரத்துணி போடலாம் என்று நான் குழாயடிக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் வரும்போதே அவள் குரல் கேட்டது. எங்கள் குழாயடியில் கேட்கிற அதே குரல்.

"ஐயோ, வவுறு கிழியுதே! மாதேஸ்வரா, என்னையக் கொண்டுபோயிரு சாமி! சிஸ்டரு, தாங்க முடியலீங்க சிஸ்டரு!"

வார்டு அப்படியே அடங்கிப்போனது. ஒரு ஆயா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, "மூகிகே மாத்து பந்துபிட்டிதே!" என்றாள். ஊமைக்குப் பேச்சு வந்துவிட்டதாம். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் இப்போது என்ன நடக்கப்போகிறதோ என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாங்கள் பயந்தது எதுவும் நடக்கவில்லை. தமிழ் என்று ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை. நஞ்சன்கூட்டு அம்மாள், "நம்ம சொசெனூ தமிளோளே" என்றாள். அவள் மருமகளும் தமிழச்சியாம். இத்தனை நாள் வாய் ஓயாமல் பேசியவள் அந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறாள். சொல்லியிருந்தால் அம்மா அப்போதே வாயைத் திறந்திருப்பாள். அந்த அம்மாளை நான் எப்படிக் குறை சொல்வது? ஊமையிடம் எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று அவளுக்கு என்ன தெரியும்.

சிஸ்டருக்கு மட்டும் கோபம் வந்தது. அது தமிழ் மேல் வந்த கோபம் இல்லை. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம். பாவம் என்று சொன்னவர் அல்லவா? மேஜையிலிருந்து எழுந்து வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கட்டில் காலடியில் நின்றார். "இத்தனை நாள் ஊமை வேஷம் போட்டவள், இன்றைக்கு வயிற்றுவலி வேஷம் போடமாட்டாளா?" என்று வார்டைப் பார்த்துக் கேட்டார். அம்மா அவர் புடவை முந்தானையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அந்த வயிற்றை ஒரு தடவை தொட்டுப் பார்த்திருக்கலாம். தொடவில்லை.

சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து நேராக வந்தார். சிஸ்டர் அவரை மேஜைக்கு முன்னால் நிறுத்திவைத்து, எல்லார் காதிலும் விழும்படி பிடிபிடி என்று பிடித்தார். பொய் சொல்லி அட்மிட் பண்ணியது குற்றம், நாளைக்கே வேறு இடம் பார்த்துக்கொண்டு போகச் சொல்வேன் என்றார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கட்டிலிலிருந்து அம்மா, "ஏனுங்க, ஏனுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் ஒருமுறை திரும்பி அவளைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டிச் சிரித்தார்.

அவர் சொன்னதைக் கன்னடத்தில்தான் சொன்னார், நான் தமிழில் சொல்கிறேன். "அவள் எப்போதும் அப்படித்தான் சிஸ்டர். முள் குத்தினாலே ஊரைக் கூட்டுகிற ஆள். அந்த வாய்க்குப் பயந்துதான் ஊமை என்று சொல்லி உங்களைக் காப்பாற்றலாம் என்று பார்த்தேன், நடக்கவில்லை."

சிஸ்டர் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஆயாவும் சிரித்தாள். கோபம் அத்தோடு தணிந்தது. "பெரிய ஆள்தான் நீங்கள்" என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார். அப்பா அம்மாவிடம் வந்து, "சும்மா இரு, நான்தான் சரிபண்ணிட்டேனே. கத்தி மானத்த வாங்காத" என்று சொல்லிவிட்டு, பார்வையாளர் நேரம் முடிந்த மணியடித்ததும் கிளம்பினார்.

அம்மாவுக்குக் கன்னடம் புரியும் என்று முன்னாலேயே சொன்னேன். அவர் போனதும் என்னைப் பார்த்து, "உங்கப்பா சொன்னதக் கேட்டியா?" என்றாள். "அந்த மனுசனே நம்பலீன்னா, அப்பறம் ஆருகிட்டக் கண்ணு போயிச் சொல்றது?" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அம்மா கத்தவில்லை. யாரும் சொல்லாமலே வாயை மூடிக்கொண்டாள்.

நான் சிஸ்டரிடம் போனேன். அம்மா பொய் சொல்லவில்லை, வயிறு கல் மாதிரி இருக்கிறது, வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். "கட்டின புருஷனே சொல்லிவிட்டுப் போகிறார், நீ சின்னப் பெண், உனக்கு என்ன தெரியும்" என்றார். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் வெளியே இருந்தேன். வாயுத் தொல்லைக்கு ஒரு மாத்திரை எழுதியிருந்தார். அன்று மாலை வேறு ஒரு டாக்டர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். போர்வையை விலக்கி வயிற்றில் கையை வைத்தார். அவ்வளவுதான், வார்டே ஓடியது. ஸ்ட்ரெச்சர் வந்தது. உள்ளே குடலில் கத்தி பட்டு, சீழ் வைத்துப் பரவியிருந்தது என்று பிறகு சொன்னார்கள். மறுபடியும் வயிற்றைத் திறந்தார்கள். அம்மா கண் விழிக்கவில்லை.

ஊருக்குக் கொண்டுபோகிற நிலைமை இல்லை. மைசூரிலேயே எரித்தோம். எதிர்வீட்டு அக்கா கருகமணியைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று அழுதாள். கலவரம் ஓய்ந்த பிறகு சொந்தக்காரர்கள் துக்கம் கேட்க வந்தார்கள். அப்பா எல்லாரிடமும், "விதிங்க, டாக்டருங்க என்ன பண்ணுவாங்க" என்றார். தான் சொன்ன ஊமைப் பொய்யைக்கூடச் சொன்னார், அதைச் சொல்லி அழுதார். சிஸ்டரிடம் சிரித்துக்கொண்டு சொன்ன அந்த வார்த்தைகளை மட்டும் சொல்லவில்லை. நான் ஒருத்திதான் அதற்குச் சாட்சி. எனக்கு அவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அம்மா வலியில்தான் கத்துகிறாள் என்று அவர் நம்பினாரா, இல்லையா? கேட்கத் துணிச்சல் இல்லை. இல்லை என்று நானே ஒரு பதிலை வைத்துக்கொண்டேன். இந்த மனிதர் விவரம் தெரியாதவர், பயத்தில் அறிவு மழுங்கிவிட்டது, பெண்டாட்டி கத்துவது நடிப்பா நிஜமா என்றுகூடத் தெரியாத முட்டாள். முட்டாளோடு ஒரே வீட்டில் இருந்துவிடலாம். அதனால்தான் என்னால் அவருக்குச் சோறு போட்டு வைக்க முடிந்தது.

பியூசி முடித்ததும் நர்சிங் படிக்கப்போகிறேன் என்றேன். அத்தை கொள்ளேகாலிலிருந்து பஸ் ஏறி வந்து சண்டை போட்டாள். "கண்டவன் பீ மூத்திரம் அள்றதுக்கா இவளப் படிக்க வெச்ச? நாளைக்கு எவன் கட்டுவான்?" அப்பாவும் முதலில் மறுத்தார். டீச்சர் வேலைக்குப் படி, கௌரவமாக இருக்கும் என்றார். நான், "அம்மா படுத்திருந்த மாதிரி ஒரு வார்டுல நான் உக்காரோணும்" என்று மட்டும் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. இந்தச் சேவைக் கதை அவர் மண்டையில் முளைத்தது அன்றைக்குத்தான். நான் சொன்ன சொல்லில் உக்காரோணும் என்பதுதான் முக்கியம் என்று அவருக்குப் படவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது அந்த நாற்காலி. யாருடைய வலி உண்மை, யாருடைய வலி வேஷம் என்று முடிவு செய்கிற அதிகாரம் அங்கே இருந்தது. என் அம்மா இத்தனை வருஷம் பேசிய பேச்செல்லாம் அந்த நாற்காலிக்கு முன்னால் செல்லாக்காசாகிவிட்டது. அதில் நான் ஏறி உட்கார வேண்டும், பிறகு யாரும் என்னிடம் வந்து உனக்கு என்ன தெரியும் என்று கேட்கக்கூடாது. கருணையால் வந்தவள் இல்லை நான், வயிற்றெரிச்சலால் வந்தவள்.

நேர்முகத் தேர்வுக்குப் போனபோது எனக்கு முன்னால் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே பதிலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். சின்ன வயதிலிருந்தே ஏழை எளியவர்களுக்குச் சேவை செய்ய ஆசை. பாதிப் பேர் ஹாஸ்டலும் சாப்பாடும் கிடைக்கும் என்று வந்தவர்கள், மீதிப் பேர் வெளிநாடு போகலாம் என்று வந்தவர்கள். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அந்த உண்மையைச் சொன்னால் சீட்டுக் கிடைக்காது. நானும் சேவை என்றேன். எதிரில் இருந்த அம்மாள் பூரித்துப்போய் எழுதிக்கொண்டார். வேலையைத் தொடங்குகிற முதல் வாசலிலேயே பொய்யைச் சொல்ல வைத்துத்தான் எங்களை உள்ளே விட்டார்கள்.

படிக்கும்போது ஒருநாள், வயிற்றுக்குள் சீழ் வைத்த ஒரு பெண்ணின் வயிற்றில் என் கையைப் பிடித்து வைத்தார்கள். பலகை மாதிரி இருந்தது. விரலை அழுத்தினால் உள்ளே போகவில்லை. இதற்குத் தமிழும் வேண்டாம், கன்னடமும் வேண்டாம். வாய் பேசுகிறவளா, ஊமையா, பொய்க்காரியா என்பதும் வேண்டாம். ஒரு கை போதும். நான் வகுப்பின் நடுவிலேயே வெளியே போய் வாந்தி எடுத்தேன். முதல் வருஷத்துப் பெண்களுக்கு இது சகஜம் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த சிஸ்டரை வாழ்நாள் முழுக்க வெறுக்கலாம் என்றுதான் இருந்தேன். வேலைக்கு வந்த பிறகு அதுவும் முடியாமல் போனது. ஒரே ஆளாக முப்பது பேரைப் பார்த்துக்கொண்டு, கால் வீங்கி, காலையில் குடித்த காபியோடு நிற்கும்போது, எல்லா வலியையும் நம்புவதற்கு மனதில் தெம்பு இருப்பதில்லை. கத்துகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் முதலில் வருகிறது. அவரும் அப்படித்தான் நின்றிருப்பார் என்று புரிந்துபோனது. ஒரு ஆளைப் புரிந்துகொண்டுவிட்டால் முன்போல் மனதாரத் திட்ட முடிவதில்லை, எனக்கு அதில் வருத்தம்தான். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபோது பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. முதுகுக்கு வலிக்கிற நாற்காலி அது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் வேலையில் இருந்தேன். ஒருநாள் காலை அப்பாவை இரண்டு பேர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். சிறுநீரகத்தில் கல். உடம்பை இரண்டாக மடித்துக்கொண்டு, "ஐயோ, சாவறேனே! கண்ணு, என்னமோ பண்ணுதே!" என்று தமிழில் அலறினார். கட்டடம் முழுக்கக் கேட்டது. ஒருத்தரும் அது என்ன பாஷை என்று பார்க்கவில்லை. டாக்டர் வந்தார், பார்த்தார், ஊசி எழுதினார். நான்தான் போட்டேன். அரைமணி நேரத்தில் வலி இறங்கிவிட்டது. கையைக் காலை நீட்டிப் படுத்தார்.

மதியம் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவர் என் கையைத் தடவிக்கொண்டு, "நீ நர்ஸா இருக்கறதுனாலதான் கண்ணு இன்னைக்கு நான் பொழச்சேன். எல்லாம் உங்கம்மா பண்ணுன புண்ணியம்" என்றார். இத்தனை வருஷம் கேட்காமல் மென்று விழுங்கியது அப்போது தானாக வாயில் வந்துவிட்டது.

"ஏப்பா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில அம்மா கத்துனப்போ, அது நெசமாலுமே வலின்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

தெரியாது என்று சொல்லுவார் என்று எனக்கு நிச்சயம். அந்தப் பதிலுக்குப் பழகிப்போனவள் நான். அவர் மின்விசிறியைப் பார்த்தபடியே சொன்னார்.

"தெரியாம இருக்குமா கண்ணு? திரும்பிப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. உன்னையப் பெக்கறப்பக்கூட அவ அப்படிக் கத்துனதில்ல."

"அப்பறம் ஏனுங்கப்பா அப்படிச் சொன்னீங்க?"

"அந்தம்மா அத்தன கோவமா இருந்துதல்ல? என்னமோ பயம். சிரிக்க வெச்சுட்டாச் சரியாப் போயிருமுன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை. ரொம்ப நாளாகச் சட்டைப்பையில் இருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தவர்போல் படுத்திருந்தார். நான் அவரை முட்டாள் என்று நினைத்துத்தான் அத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தேன். அவர் முட்டாள் இல்லை. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது அவர் நம்பவில்லை என்று நினைத்து. அவர் நம்பியிருக்கிறார். நம்பிக்கொண்டே சிரித்திருக்கிறார். அம்மாவிடம் இதைச் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

"ஊசி எந்நேரம் வரைக்கும் கேக்கும் கண்ணு?" என்று கேட்டார்.

சாயங்காலம் வரை என்றேன். மறுபடி வலித்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அடுத்த அறைகளில் வேலை இருந்தது, பார்த்தேன்.

சாயங்காலம் வலி திரும்பிவிட்டது. கூப்பிட்டார். நான் போய் ஊசி போட்டேன்.